அஸ்வெசும உங்கள் தோட்டத்தில் என்ன செய்திருக்கிறது? கொப்பியும் கல்குலேட்டரும் வைத்துக் கணக்குப் பார்க்கும் முறை

அஸ்வெசும என்பது ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மாதா மாதம் வங்கிக் கணக்கில் போடும் உதவிக் காசு. தோட்டம் என்று கொழும்பில் சொல்வது வீடுகள் நெருங்கிய வறிய குடியிருப்பை. "அஸ்வெசும வந்தும் எங்கட தோட்டத்தில கஷ்டம் குறையேல்ல" என்பார் ஒருவர். "எடுக்கிறதெல்லாம் வசதியான ஆக்கள்தான்" என்பார் இன்னொருவர். சங்கக் கூட்டம் கலையும்வரை இந்த இரண்டு பேச்சும் மாறி மாறி ஓடும். இரண்டுமே கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விசயங்கள். கொழும்பில் மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், தெமட்டகொடை, கொம்பனித்தெரு பக்கம் நலன்புரிச் சங்கமோ மாதர் சங்கமோ கோயில், பள்ளிவாசல் உதவிக் குழுவோ நடத்துகிறவர்களுக்காக இந்த வழிமுறை. ஐம்பது அறுபது வீடுகள், கூட்டல் கழித்தலில் பிழை விடாத நாலு பேர், இரண்டு வார இறுதிகள் இருந்தால் போதும்.

கொழும்பில் இதை நாமே செய்ய வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வில் நாட்டின் வறுமை வீதம் 14.3. முல்லைத்தீவு மாவட்டம் 44.5 வீதத்தோடு உச்சியில் நின்றது. கொழும்பு வெறும் 2.3 வீதத்தோடு கடைசியில். இதைப் பார்க்கிறவர் கொழும்பில் ஏழைகள் இல்லை என்றுதான் நினைப்பார். ஆனால் 2012 தொகைமதிப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம் பேர், முல்லைத்தீவில் 92 ஆயிரம் பேர். பெருக்கிப் பார்த்தால் கொழும்பில் ஐம்பதாயிரத்துக்கு மேல், முல்லைத்தீவில் நாற்பதாயிரத்துச் சொச்சம். மாவட்டச் சராசரிக்குள் இந்த ஐம்பதாயிரம் பேரும் காணாமல் போகிறார்கள். அதோடு, அந்த ஆய்வு 2022இன் விலையேற்றத்துக்கு முந்தியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது.

வரும் காசு எது

அரச உதவித் திட்டங்கள் இந்த வரிசையில் வந்தன: 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023 யூலையில் அஸ்வெசும. சமுர்த்தியின் கடைசிக் காலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது சில நூறு ரூபாவிலிருந்து சில ஆயிரம் வரைதான். அஸ்வெசும தொடங்கியபோது ஏழைக் குடும்பத்துக்கு 8,500, மிக வறிய குடும்பத்துக்கு 15,000. 2025 ஜனவரியில் இவை 10,000, 17,500 ஆக உயர்ந்தன. இவற்றுக்கு மேலே, குறைந்த காலத்துக்கு என்று சொல்லப்பட்ட இன்னும் இரண்டு வகைகளும் இருந்தன. 70 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர்களுக்குத் தனிக் கொடுப்பனவு. வகைகளும் காலக்கெடுவும் வர்த்தமானியில் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே யார் எந்த வகை என்று கேட்டு நேரத்தை வீணாக்காமல், வங்கிக் கொப்பியில் விழுந்திருக்கும் தொகையைப் பார்த்து எழுதுங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதை வருமானத்தைக் கேட்டு முடிவு செய்வதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பின் கீழ் 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போடுகிறார்கள். பேட்டாவில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்கோ வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ சம்பளச் சீட்டு இல்லை. வேறு வழியும் இல்லைதான். ஆனால் கொழும்பில் இந்தப் புள்ளி முறை இடறும் இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாடிவீட்டுக்கு மாற்றப்பட்ட குடும்பத்துக்குச் சுவர் சீமெந்து, கழிவறை உள்ளே, தண்ணீர் குழாயில். வீட்டு நிலைமைப் புள்ளி நல்லாயிருக்கும். அடுப்பில் என்ன வேகிறது என்பது அந்தப் புள்ளியில் தெரியாது.

கேட்கப் போகுமுன்

முதலில் எது ஒரு குடும்பம் என்று உறுதிப்படுத்துங்கள். கூரை ஒன்று, கரண்ட் மீற்றர் ஒன்று, உலை மூன்று என்பது நம் தோட்டங்களில் சர்வ சாதாரணம். அரச ஆய்வு எடுக்கும் அளவுகோலையே நீங்களும் எடுங்கள்: சேர்ந்து இருந்து, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீட்டலகு. மேல்மாடியில் தனியாகச் சமைக்கும் மகனின் குடும்பம் தனி வரி. மாலைதீவிலோ கட்டாரிலோ இருப்பவரைத் தலையில் சேர்க்க வேண்டாம். அவர் அனுப்புவதில் வீட்டில் செலவானதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீற்றர் ஒன்றாக இருப்பதால் மூன்று குடும்பத்தின் கரண்ட் பாவனையும் ஒருவர் பேரில் விழுந்து, அவருடைய விண்ணப்பம் அடிபட்டுப் போன சந்தர்ப்பமும் இந்தக் கட்டத்திலேயே வெளிவரும். ஓரத்தில் குறித்துவையுங்கள், பின்னுக்கு உதவும்.

அடுத்தது வறுமைக்கோடு. பத்தரமுல்லையிலுள்ள தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் ஆளுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று மாதா மாதம் வெளியிடுகிறது. 2025இன் தொடக்கத்தில் தேசியக் கோடு 16,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. மாவட்டங்களில் உயரமானது கொழும்பின் கோடு. நீங்கள் கேட்கப் போகும் மாதத்துக்குரிய கொழும்புத் தொகையையே எடுங்கள். கீழே வரும் உதாரணத்தில் கணக்கு இலகுவாக 18,000 என்று வைத்திருக்கிறோம்.

கொப்பியில் பேர் எழுத வேண்டாம். அ, ஆ, இ என்று அடையாளம் போடுங்கள். எந்த எழுத்து எந்த வீடு என்ற தாளைச் செயலாளர் ஒருவர் மட்டும் வைத்திருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். கேட்கப் போகிறவரும் அதே ஒழுங்கையைச் சேர்ந்தவராக இல்லாமலிருப்பது நல்லது.

வருமானத்தைக் கேளாதீர்கள், செலவைக் கேளுங்கள்

"மாதம் எவ்வளவு உழைக்கிறீங்க?" என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும்: ஒன்று பயத்தில் குறைத்துச் சொல்வது, மற்றது கூச்சத்தில் கூட்டிச் சொல்வது. நாட்கூலிக்காரருக்கு உண்மையாகவே தெரியாது. இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக் கணக்கும் செலவை வைத்தே போடப்படுகிறது.

சாப்பாட்டுச் செலவைப் போன கிழமைக்கு மட்டும் கேளுங்கள்: அரிசி, மா, பாண், பருப்பு, தேங்காய், மரக்கறி, மீன், கருவாடு, பால்மா, தேயிலை, சீனி, வெளியில் வாங்கிய சோற்றுப் பார்சல். கடையில் கடன் கொப்பி இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள், ஞாபகத்தைவிட அது நம்பகமானது. கிழமைத் தொகையை மாதமாக்க 4ஆல் பெருக்கிவிடுவது எல்லோரும் விடும் பிழை. மாதம் 30 நாள், கிழமை 7 நாள், 4.3ஆல் பெருக்க வேண்டும். கிழமைக்கு 9,300 ரூபா செலவழிக்கும் வீட்டில் இந்த ஒரு பிழையே ஏறத்தாழ 2,800 ரூபாவை விழுங்கிவிடும். கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் குடும்பம் கீழே விழுந்துவிடும்.

காஸை மாதக் கணக்கில் கேட்டால் குழப்பம். 12.5 கிலோ சிலிண்டர் எத்தனை நாளைக்கு வருகிறது என்று கேளுங்கள். 45 நாள் என்றால் சிலிண்டர் விலையை 30ஆல் பெருக்கி 45ஆல் வகுங்கள். கரண்ட், தண்ணீர், வாடகை, பஸ், த்ரீவீல், டியூஷன், மருந்து, போன் ரீலோட் எல்லாம் போன மாதத்துக்கு. உடுப்பு, பாடசாலைச் சாமான், பெருநாள் செலவு வருடத்துக்குக் கேட்டு 12ஆல் வகுங்கள்.

சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகை இல்லை என்று விட்டுவிட்டால், வாடகைக்கு இருப்பவர் அவரைவிட வசதியானவராகத் தெரிவார். அதே ஒழுங்கையில் அதே அளவு அறைக்கு என்ன வாடகை போகிறதோ அதை அவருக்கும் ஏற்றுங்கள். காணி உறுதிப் பத்திரம் இல்லாத வீடாக இருந்தாலும் இதே முறைதான்.

கடன் தவணை, சீட்டுக் காசு, அடகு வட்டி மூன்றும் செலவில் சேராது. தனி நிரலில் எழுதுங்கள். அஸ்வெசும காசு விழுந்த அன்றே நகை மீட்கப் போன வீட்டில் சாப்பாடு கூடியிருக்காது, ஆனால் தலைக்கு மேலிருந்த கடன் குறைந்திருக்கும். செலவை மட்டும் பார்க்கிறவர் அந்தக் காசு எங்கோ மாயமாகிவிட்டது என்பார்.

கடைசியில் வங்கிக் கொப்பி. நிலுவை சேர்ந்து இரண்டு மூன்று மாதக் காசு ஒரே நாளில் விழுந்திருக்கலாம். எத்தனை மாதத்துக்கு உரியது என்று பார்த்து வகுங்கள். 2025இல் பாடசாலை உபகரணத்துக்கு என்று ஒரு பிள்ளைக்குக் கொடுத்த 6,000 போன்ற ஒருமுறைக் கொடுப்பனவு மாதத்துக்கு 500தான். கணக்கிலிருந்து வங்கி தானாகக் கழித்த பழைய கடன் ஏதும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டு வீட்டுக் கணக்கு

நாம் கேட்டெடுத்த செலவு கொடுப்பனவும் சேர்ந்தது. அதிலிருந்து கொடுப்பனவைக் கழித்தால் "காசு வராவிட்டால்" என்ற நிலை. கீழே இருப்பது விளக்கத்துக்காக நாமே அமைத்த எட்டு வீடுகள். முதலில் ஆட்கள், பிறகு கொடுப்பனவு இல்லாமல் மாதச் செலவு, அதில் தலைக்கு எவ்வளவு, கடைசியில் கிடைக்கும் கொடுப்பனவு.

அ: 5 பேர், 60,000, தலைக்கு 12,000, கொடுப்பனவு 17,500
ஆ: அம்மம்மாவும் பேத்தியும், 2 பேர், 24,000, தலைக்கு 12,000; 10,000உம் முதியோர் கொடுப்பனவு 5,000உம்
இ: 4 பேர், 56,000, தலைக்கு 14,000, ஒன்றும் இல்லை
ஈ: 5 பேர், 75,000, தலைக்கு 15,000; 10,000
உ: 4 பேர், 66,000, தலைக்கு 16,500, 10,000
ஊ: 4 பேர், 100,000, தலைக்கு 25,000, 10,000
எ: 3 பேர், 90,000, தலைக்கு 30,000, இல்லை
ஏ: 3 பேர், 150,000, தலைக்கு 50,000, இல்லை

மொத்தம் 30 பேர், மாதம் 62,500 ரூபா கொடுப்பனவு.

முதல் கணக்கு தலைக்கணக்கு. 18,000க்குக் கீழே இருப்பவர்கள் கொடுப்பனவுக்கு முன் அ, ஆ, இ, ஈ, உ வீடுகளின் 20 பேர், அதாவது 66.7 வீதம். காசைச் சேர்த்தால் அ வீட்டுத் தலைக்கு 15,500, ஈ வீட்டுக்கு 17,000. இரண்டும் இன்னும் கோட்டுக்குக் கீழே. ஆ 19,500க்கும் உ 19,000க்கும் ஏறிவிட்டன. இ இருந்த இடத்திலேயே. மிச்சம் 14 பேர், 46.7 வீதம்.

இதோடு நிறுத்தினால் அ வீட்டுக்கு மாதம் 17,500 கொடுத்தது வீண் என்றுதான் சொல்ல வேண்டிவரும், ஐந்து பேரும் இன்னும் ஏழைகள்தானே. இங்கேதான் பெரும்பாலான விவாதங்கள் தடம் புரள்கின்றன. குடும்பத்துக்கு ஒரே தொகை. இரண்டு பேருக்கும் அதுதான், ஏழு பேருக்கும் அதுதான். நாலு பேர் உள்ள வீட்டில் 17,500 என்பது தலைக்கு 4,375. வறுமைக்கோட்டில் கால்வாசிகூட இல்லை. அடிமட்டத்தில் இருக்கும் பெரிய குடும்பத்தை ஒரே தாவில் கோட்டைத் தாண்டவைக்கும் காசு அல்ல இது. எவ்வளவு மேலே தூக்கியது என்று பார்க்க வேறு அளவு வேண்டும்.

அதுதான் வறுமை இடைவெளி. ஒவ்வோர் ஏழை வீட்டுக்கும் கோட்டுக்கும் தலைச்செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆட்களால் பெருக்கிக் கூட்டுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள வீடுகளுக்குப் பூச்சியம் போடுங்கள். சய (மைனஸ்) எண் போட்டால் கணக்கே கெட்டுவிடும். முன்பு: அ 30,000, ஆ 12,000, இ 16,000, ஈ 15,000, உ 6,000, கூட்டினால் 79,000. பின்பு: அ 12,500, இ 16,000, ஈ 5,000, கூட்டினால் 33,500. இதை 30 பேர் × 18,000, அதாவது 540,000ஆல் வகுத்தால் வறுமை இடைவெளிச் சுட்டெண் 14.6 வீதத்திலிருந்து 6.2 வீதத்துக்கு இறங்கியிருக்கிறது. தலைக்கணக்கு 30 வீதந்தான் குறைந்தது. இடைவெளி 58 வீதம் குறைந்துவிட்டது. பெரும்பங்கு வேலையைக் கோட்டைத் தாண்டாத வீடுகளில் செய்த காசை, தாண்டியவர்களை எண்ணி மதிப்பிட முடியாது.

79,000இலிருந்து 33,500ஐக் கழித்தால் 45,500. கொடுத்தது 62,500. ஆக நூறு ரூபாவில் 73 ரூபா இடைவெளியை அடைத்திருக்கிறது. மிச்சம் 27 ரூபாவில் ஆ, உ வீடுகளைக் கோட்டுக்கு மேலே சற்றுக் கூடுதலாக ஏற்றியது ஒரு பகுதி. அதை வீணென்று சொல்லமாட்டோம், ஒரு காய்ச்சல் வந்தாலே அவர்கள் திரும்பவும் கீழேதான். ஊ வீட்டுக்குப் போன 10,000 வேறு கதை.

அந்த 10,000ஐ இ வீட்டுக்குக் கொடுத்திருந்தால்? இ வீட்டுத் தலைக்கு 14,000 என்பது 16,500 ஆகும். மொத்த இடைவெளி 23,500க்கு இறங்கும், சுட்டெண் 4.4 வீதம். ஏழைகளின் எண்ணிக்கையோ அதே 14 பேர். தலைக்கணக்கை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு, தகுதியில்லாதவரை நீக்கித் தகுதியானவரைச் சேர்த்ததில் ஒரு பலனும் தெரியாது.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரிகிறது. முன்பு இ வீட்டுக்காரர் அ, ஆ வீடுகளைவிட மேலே இருந்தார். இப்போது தோட்டத்திலேயே ஆகக் கீழே அவர்தான். அவர் செலவு ஒரு ரூபாகூடக் குறையவில்லை. மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். குழாயடியிலும் கடை வாசலிலும் கேட்கும் கோபம் பெரும்பாலும் இந்த இடமாற்றத்தில்தான் பிறக்கிறது. அதைப் பொறாமை என்று தள்ளிவிடாதீர்கள்.

ஏற்றத்தாழ்வுக்குத் தனிக் கணக்கு

வறுமை குறைந்தால் ஏற்றத்தாழ்வும் அதே அளவு குறையும் என்று நினைப்பது பிழை. அதற்கான அளவு கினிக் குணகம்: எல்லோருக்கும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 1. அதைக் கையாலேயே போடலாம். வீடுகளைத் தலைச்செலவின்படி சிறியதிலிருந்து பெரியதுக்கு அடுக்குங்கள். மொத்தச் செலவைக் கூட்டிக்கொண்டே வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கூட்டுத் தொகையோடு அதற்கு முந்திய கூட்டுத் தொகையைச் சேர்த்து, அந்த வீட்டின் ஆட்களால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி, மொத்த ஆட்கள் × மொத்தச் செலவு என்ற எண்ணால் வகுத்து, வந்ததை 1இலிருந்து கழியுங்கள்.

நம் எட்டு வீட்டில் முன்பு 0.263, பின்பு 0.223. பின்னைய கணக்குக்கு வீடுகளைத் திரும்ப அடுக்க மறக்கவேண்டாம். பழைய வரிசையில் போட்டால் இ வீடு தவறான இடத்தில் இருந்து குணகம் குறைவாக வரும்.

15 வீதக் குறைவு என்று சந்தோஷப்படுமுன் ஒரு வீட்டைச் சேர்த்துப் பாருங்கள். காலி வீதிப் பக்கம் அடுக்குமாடியில் 3 பேர், மாதச் செலவு ஆறு இலட்சம். குணகம் முன்பு 0.522, பின்பு 0.485. இப்போது குறைவு 7 வீதந்தான். கீழே உள்ளவர்களுக்குக் கொடுத்த காசு அதேதான். ஒரேயொரு பணக்கார வீடு அதன் பலனைப் பாதியாக்கிவிட்டது. 2019 ஆய்வில் நாட்டின் வருமானத்தில் 51.3 வீதம் மேலே உள்ள ஐந்திலொரு பங்கு வீடுகளுக்கும், 4.6 வீதம் கீழே உள்ள ஐந்திலொரு பங்கு வீடுகளுக்கும் போனது. வருமானக் கினி 0.46. காவலாளி கேற்றிலேயே திருப்பி அனுப்பும் மாடிகளுக்குள் ஆய்வு உத்தியோகத்தர் எவ்வளவு தூரம் போகமுடியும் என்று யோசித்தால், உண்மை அதற்கும் மேலேதான் இருக்கும். தென்னாபிரிக்கா 1998இலிருந்து பிள்ளைகளுக்கு மானியம் கொடுத்துவருகிறது, நாட்டில் பெரும் பங்கினர் ஏதோ ஒரு மானியம் பெறுகிறார்கள். ஆனாலும் 2014இல் அதன் கினி உலகிலேயே மிக உயர்ந்த வரிசையில் 0.63 அளவில் நின்றது. மானியம் கீழே உள்ள பள்ளத்தை நிரப்பும். மேலே உள்ள மலையை வெட்டுவது வரியின் வேலை.

அந்த வரி இங்கே எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் பாருங்கள். வற் எனும் பெறுமதி சேர் வரி 2022இன் தொடக்கத்தில் 8 வீதம். 2024 ஜனவரி முதல் 18 வீதம், சமையல் காஸும் அதற்குள் வந்தது. அ வீடு இப்போது மாதம் 77,500 செலவழிக்கிறது. அதில் 40,000 ரூபாவுக்கு வற் உள்ள பொருட்கள் என்று வைத்தால், 40,000 × 18 ÷ 118 = 6,100 ரூபா அரசுக்குத் திரும்பிப் போகிறது. கையில் வந்த 17,500இல் மூன்றிலொரு பங்குக்கு மேல். சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் தொடங்கிய கடன் ஏற்பாட்டில் நலன்புரிச் செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 0.6 வீதம் என்று ஒரு குறைந்தபட்ச எல்லை போட்டார்கள். அது கொடுக்கும் பக்கக் கணக்கு மட்டும்.

கணக்கு பொய் சொல்லும் இடங்கள்

கொடுப்பனவைக் கழித்துவிட்டால் அதுதான் முந்திய நிலை என்று நாம் எடுத்துக்கொண்டோம். உண்மையில் காசு வராவிட்டால் மனிதர் சும்மா இருப்பதில்லை. இன்னொரு வீட்டு வேலை பிடிப்பார், சங்கிலியை அடகு வைப்பார், பிள்ளையின் டியூஷனை நிறுத்துவார். ஆகவே நம் கணக்கு கொடுப்பனவின் பலனைச் சற்றுக் கூட்டிக் காட்டும். இதைச் சரிபார்க்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: "காசு பிந்தின மாதம் என்ன செய்தீங்க?" காசு பிந்திய அனுபவம் உள்ள வீடுகளில் பதில் கிடைக்கும். "கடையில கடன் சொன்னேன்" என்றால் சாப்பாடு குறையவில்லை. "ராவைக்குப் பாண் மட்டும்" என்றால் குறைந்திருக்கிறது. இந்தப் பதில்களை அப்படியே எழுதிவையுங்கள், எண்ணாக்க வேண்டாம்.

பெரியவருக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே கோடு என்பது இன்னொரு குறை. அரச முறை அப்படித்தான் என்பதால் ஒப்பிட வசதியாக அதையே பின்பற்றுங்கள்; பிள்ளைகள் அதிகமுள்ள வீடு உள்ளதைவிடச் சற்று ஏழையாகத் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். விலைவாசியும் கவனம்: கொடுப்பனவு வர்த்தமானி வரும்வரை அசையாது, வறுமைக்கோடு மாதா மாதம் அசையும்.

விடுபட்ட வீட்டுக்கு என்ன செய்வது

கணக்கு முடிந்ததும் ஒரு தாளை நாலு கட்டமாகப் பிரியுங்கள்: ஏழை, கிடைக்கிறது; ஏழை, கிடைக்கவில்லை; ஏழையல்ல, கிடைக்கிறது; ஏழையல்ல, கிடைக்கவில்லை. "ஏழை" என்பதைக் கொடுப்பனவுக்கு முந்திய செலவை வைத்தே தீர்மானியுங்கள். இல்லாவிட்டால் ஆ, உ வீடுகள் தகுதியில்லாதவையாகத் தெரியும். இந்தப் பிழையைப் பெரிய அறிக்கைகளிலும் பார்க்கலாம். நம் உதாரணத்தில் விடுபட்டது இ, தவறாக நுழைந்தது ஊ.

உங்கள் பலத்தை இ வீட்டில் செலவழியுங்கள். 2023இல் முதல் பட்டியல் வந்த சில வாரங்களுக்குள்ளேயே ஒன்பது இலட்சத்துக்கு மேல் மேன்முறையீடுகள் குவிந்தன. மற்றவரைப் பற்றிய ஆட்சேபனைகள் அதைவிட மிகக் குறைவு. சனங்களுக்கு எது முக்கியம் என்பது இதிலேயே தெரிகிறது. ஊ வீட்டைப் பற்றி எழுதிப்போட்டு ஒழுங்கையில் பகை வளர்ப்பது உங்கள் சங்கத்தின் வேலை அல்ல என்பது எங்கள் கருத்து.

இ வீட்டுக்காரரின் விண்ணப்ப இலக்கத்தையும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் வைத்து முதலில் என்ன நிலை என்று பாருங்கள். நலன்புரி நன்மைகள் சபையின் 1924க்கு அழைக்கலாம், அல்லது கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். "கிடைக்கேல்ல" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பிரச்சினைகள் ஒளிந்திருக்கும். விண்ணப்பமே பதியப்படாமல் போயிருக்கலாம். புள்ளி போதாமல் போயிருக்கலாம். தெரிவாகியும் வங்கிக் கணக்கு இலக்கமோ பேரின் எழுத்தோ பிழைத்துக் காசு தேங்கி நிற்கலாம். தமிழ்ப் பேரை ஆங்கிலத்தில் எழுதும்போது அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் வங்கிக் கொப்பியில் இன்னொரு மாதிரியும் விழுவது நமக்குப் புதிதல்ல. மூன்றாவது பிரச்சினைக்கு மேன்முறையீடு எழுதினால் மாதக்கணக்கில் வீண். இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனால் போதும்.

புள்ளிதான் பிரச்சினை என்றால், "நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்" என்று ஒரு பக்கம் எழுதுவதால் பலனில்லை. கடிதத்தை வாசிப்பவருக்குத் திருத்த ஒரு குறிகாட்டி வேண்டும். மூன்று குடும்பத்துக்கு ஒரு மீற்றர் என்றால் அதைக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு எழுதுங்கள். விற்றுவிட்ட த்ரீவீல் இன்னும் அவர் பேரில் நின்றால் அதைச் சொல்லி, விற்ற பத்திரத்தின் பிரதியை இணையுங்கள். நோயாளி இருந்தால் கிளினிக் கொப்பி, உழைத்தவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், வாடகை வீடென்றால் உடன்படிக்கை. ஒரு விசயத்துக்கு ஒரு வரி, ஒரு ஆதாரம். மேன்முறையீட்டுக் காலம் திறந்திருக்கும்போதே கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம். அந்த உரிமை அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பிரதியில் திகதியோடு முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகரவேண்டாம்.

உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் எத்தனை குடும்பம் விண்ணப்பித்தது, எந்த வகையில் எத்தனை தெரிவானது, எத்தனை மேன்முறையீடு தீர்க்கப்பட்டது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தனியாட்களின் பேரைக் கேட்டால் மறுப்பார்கள், மொத்த எண்ணிக்கையைக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். அந்த எண்ணிக்கை கையில் இருந்தால் உங்கள் ஐம்பது வீட்டுக் கணக்கைப் பிரிவின் மொத்தத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

அடுத்த வருடம் திரும்பக் கேட்கப் போகும்போது அதே மாதத்தில் போங்கள். ஏப்ரலில் வருடப்பிறப்புச் செலவு, தீபாவளி, நத்தார், நோன்புப் பெருநாள் வரும் மாதங்களில் உடுப்பும் சாப்பாடும் எல்லா வீட்டிலும் கூடித்தான் இருக்கும். பாடசாலை தொடங்கும் மாதமும் அப்படித்தான். இவற்றில் ஒன்றும் விழாத மாதமாக, யூன் அல்லது செப்டெம்பர் போல, ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நோன்புப் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும் என்பதால் கலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டே திகதி குறியுங்கள்.